நிலப்பிளவுகள் கிழிவது எப்படி, பின்னதிர்வுகள் தொடர்வது ஏன்?

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை 6 மணி 28 நிமிடத்துக்கு, இந்தோனேசியாவின் சுமாத்ரா தீவை ஒட்டிய கடலடியில் ஆரம்பித்த நிலநடுக்கம், இந்துமாக் கடலின் கரையோர நாடுகளில் சுமார் 2 லட்சத்து 27 ஆயிரம் பேரின் உயிரைப் பறித்த ஆழிப்பேரலையை உருவாக்கியது. இலங்கையில் 30,000க்கும் அதிகமானோரும், தமிழகத்தின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் அதிகமானோரும் அதில் மாண்டனர்.

மூன்று மாதங்கள் கழித்து, 2005ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி இரவு, அதே சுமாத்ராவை ஒட்டி 8.6 அளவிலான மற்றொரு நிலநடுக்கம் ஏற்பட்டது. இலங்கையிலும் தமிழகத்திலும் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்நாட்டை நோக்கி ஓடினர். ஆனால் அன்று அக்கரைகளில் கடல் பொங்கவில்லை. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் தேதி பிற்பகலிலும் இதே காட்சி மீண்டும் நிகழ்ந்தது. அன்றும் பேரலை வரவில்லை.

ஒரு பெரும் நிலநடுக்கத்தின் பின்னால் இன்னொன்று வருவது ஏன்? அவற்றில் ஒன்று கடலைக் கிளப்புவதும் இன்னொன்று கிளப்பாமல் விடுவதும் எதனால்? அடுத்தது எப்போது, எங்கே என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இக்கேள்விகளுக்கு அறிவியல் இதுவரை கண்டுள்ள விடைகள் பலவும் சுமாத்ராவிலிருந்து அந்தமான் வரை நீளும் அந்தக் கடலடிப் பிளவிலிருந்தே கிடைத்துள்ளன.

தேங்கி நிற்கும் இறுக்கம்

பூமியின் மேலோடு ஒரே துண்டாக இல்லை. புவித்தட்டுகள் எனப்படும் பல பெரும் துண்டுகளாக அது பிரிந்துள்ளது. இத்தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில், அதாவது நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டிருக்கின்றன. இந்தியாவையும் ஆஸ்திரேலியாவையும் தாங்கும் தட்டுகள் வடக்கு வடகிழக்காக நகர்ந்து, சுமாத்ராவுக்கு மேற்கே சுந்தா அகழி என்ற ஆழமான கடல் பள்ளத்தில், எதிரே உள்ள தட்டின் அடியில் புகுந்து செல்கின்றன.

பாறை முறிந்து, முறிவின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று உரசி நகரும் இடத்தை நிலவியலாளர்கள் நிலப்பிளவு என்கின்றனர். சுந்தா அகழியிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிந்து இறங்கும், இரு தட்டுகளும் தொடும் தளம் அத்தகைய ஒரு மாபெரும் பிளவாகும். தட்டுகள் ஓயாமல் நகர்ந்தாலும், இத்தளத்தின் பெரும்பகுதி உராய்வினால் பூட்டப்பட்டு அசையாமல் நிற்கிறது. கீழே போகும் தட்டு, மேலே உள்ள தட்டின் விளிம்பையும் தன்னோடு இழுத்து வளைக்கிறது.

மூங்கில் பிளாச்சை இரு கைகளாலும் வளைத்துக்கொண்டே போனால் அது ஓரளவுக்கு வளைந்து கொடுக்கும். தாங்கும் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று விடுபட்டு நிமிரும். பாறையும் அவ்வாறே வளைகிறது, நூற்றாண்டுக் கணக்கில். பின்னர் உராய்வின் பிடி தோற்று, பிளவின் இரு பக்கங்களும் சில விநாடிகளில் அல்லது நிமிடங்களில் வழுக்கி நிமிர்கின்றன. ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் வீதம் 300 ஆண்டுகள் தேங்கினால் 15 மீட்டர் நகர்வு பாக்கியாகச் சேர்ந்துவிடும். 2004இல் பிளவின் சில பகுதிகளில் 15 மீட்டருக்கும் அதிகமாகப் பாறை நகர்ந்தது அத்தகைய பழைய பாக்கி தீர்ந்ததால்தான்.

இந்த விளக்கத்தை முதலில் வகுத்தவர் அமெரிக்க அறிஞர் ஹாரி ஃபீல்டிங் ரீட். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோ நகரைச் சிதைத்த நிலநடுக்கத்துக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட நில அளவைகளை ஒப்பிட்டு, நிலம் முதலில் வளைந்து, பிறகு பிளவின் வழியே துள்ளி நிமிர்ந்தது என்ற முடிவுக்கு 1910இல் அவர் வந்தார். அதுவரை, நிலம் நடுங்குவதால்தான் தரை பிளக்கிறது என்று பலர் எண்ணியிருந்தனர். உண்மையில், பிளவு நகர்வதால்தான் நிலம் நடுங்குகிறது.

கிழிசல் ஓடும் விதம்

நிலநடுக்கத்தின் மையம் என்று செய்திகளில் ஒரு புள்ளி குறிப்பிடப்படுகிறது. அங்கேதான் எல்லாம் நிகழ்ந்தது என்ற எண்ணத்தை அது தரக்கூடும். உண்மையில் அது கிழிசல் ஆரம்பித்த இடம் மட்டுமே. இழுத்துப் பிடித்த துணியின் ஓரத்தில் கத்தரியால் சற்றே நறுக்கிவிட்டால், நறுக்கிய நுனியிலிருந்து கிழிசல் ஓடுவதைப் போல, நிலப்பிளவும் ஒரு புள்ளியில் விடுபட்டு அங்கிருந்து விரிகிறது. விடுபட்ட பகுதி தான் சுமந்திருந்த இறுக்கத்தை அடுத்த பகுதியின் மேல் ஏற்றுகிறது. அதுவும் தாங்க மாட்டாமல் விடுபடுகிறது. இப்படிக் கிழிசலின் முனை விநாடிக்கு 2 முதல் 3 கிலோமீட்டர் வேகத்தில் முன்னேறுகிறது.

2004 டிசம்பரில் கிழிசல் சுமாத்ராவின் வடமேற்கே, சிமெலுவே தீவுக்கு அருகே ஆரம்பித்து வடக்கு நோக்கி ஓடியது. ஆச்சே கரையைக் கடந்து, நிக்கோபார் தீவுகளின் அடியாகச் சென்று, அந்தமான் தீவுகளின் வடகோடியை நெருங்கித்தான் அது நின்றது. கிழிந்த நீளம் சுமார் 1,300 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து நேர்கோட்டில் அளந்தால் ஒடிசாவைத் தொடும் தூரம் அது. கிழிந்து முடிய எட்டு முதல் பத்து நிமிடங்கள் ஆயின. கருவிகளால் பதிவு செய்யப்பட்ட நிலநடுக்கங்களில் இதைவிட நீளமாகக் கிழிந்தது வேறில்லை.

அதன் அடையாளங்கள் இன்றும் நிலத்தில் தெரிகின்றன. பெரிய நிக்கோபாரின் தென்முனையான இந்திரா முனையில் தரை 4 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் போயிற்று. போர்ட் பிளேர் சுமார் ஒரு மீட்டர் தாழ்ந்தது. மாறாக, அந்தமானின் மேற்கு ஓரங்களில் கடலடி உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே வந்து மடிந்தன. மேல்தட்டின் விளிம்பு நிமிரும்போது அகழியை ஒட்டிய பகுதி எழும்புவதும், அதற்குப் பின்னால் உள்ள பகுதி தாழ்வதும் இயல்பு. எழும்பிய கடலடி, தன் மேலிருந்த தண்ணீர் முழுவதையும் தூக்கியது. ஆழிப்பேரலையின் பிறப்பு அதுவே.

கிழிசலின் வேகம் எப்போதும் ஒரேபோல் இருப்பதில்லை. 2025ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் தேதி மியன்மாரில் சகாயிங் பிளவில் ஏற்பட்ட 7.7 அளவிலான நிலநடுக்கத்தில், 400 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம் கிழிந்தது. அதன் ஒரு பகுதியில் கிழிசலின் முனை, பாறையில் பரவும் குறுக்கலைகளின் வேகத்தையே விஞ்சி ஓடியதாக ஆய்வுகள் காட்டுகின்றன. பிளவின் அருகே பொருத்தப்பட்டிருந்த கண்காணிப்புக் கேமரா ஒன்றில், தரை ஒரு விநாடிக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் சுமார் இரண்டரை மீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தது பதிவாகியிருந்தது. பெரும் பிளவு ஒன்று நகரும் கணத்தை மனிதர்கள் கண்ணால் காண முடிந்த அரிய சந்தர்ப்பம் அது.

அளவைக் கணிப்பதில் உள்ள சிக்கல்

செய்திகளில் ரிக்டர் அளவு என்ற சொல் இன்னும் புழக்கத்தில் உள்ளது. சார்லஸ் ரிக்டர் 1935இல் கலிஃபோர்னியாவின் நிலநடுக்கங்களை ஒப்பிட வகுத்த அந்த அளவுகோல், மிகப்பெரிய நிலநடுக்கங்களைக் குறைத்தே காட்டும். எனவே 1979இல் தாமஸ் ஹேங்க்ஸ், ஹிரூ கனமோரி ஆகியோர் வகுத்த திருப்புத்திறன் அளவுகோலையே இன்று விஞ்ஞானிகள் பயன்படுத்துகின்றனர். கிழிந்த பரப்பு, நகர்ந்த தூரம், பாறையின் விறைப்பு ஆகிய மூன்றையும் பெருக்கிக் கிடைக்கும் தொகையே அதன் அடிப்படை.

இந்த அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். இரண்டு எண்கள் கூடினால் ஆயிரம் மடங்கு. கிழியும் நீளமும் அதற்கேற்ப மாறும். 6 அளவிலான நிலநடுக்கத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டரும், 7 அளவில் சுமார் 50 கிலோமீட்டரும், 8 அளவில் 200 கிலோமீட்டர் அளவிலும் பிளவு கிழிவது வழக்கம்.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட ஒரு விளைவு உண்டு. எட்டு நிமிடம் கிழியும் நிலநடுக்கத்தின் முழு அளவை முதல் இரண்டு நிமிடங்களில் எவராலும் சொல்ல முடியாது. எங்கே நிற்கும் என்பது அப்போது முடிவாகியிருக்காது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி, ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதல் கால் மணி நேரத்தில் கணித்த அளவு 8.0. சுமார் ஒரு மணி நேரத்துக்குப் பின் அது 8.5 என்று உயர்த்தப்பட்டது. 9 என்ற எண் வெளிவந்தபோது, அலை இலங்கையையும் தமிழகத்தையும் தாக்கி முடிந்திருந்தது. இன்று 9.1 என்று பொதுவாகக் குறிப்பிடப்படும் அந்த நிலநடுக்கத்தின் உண்மையான ஆற்றல், முதல் கணிப்பைப் போல ஏறக்குறைய 40 மடங்கு.

பின்னதிர்வுகள் எங்கிருந்து வருகின்றன?

பெரிய நிலநடுக்கம் ஒன்று பிளவில் தேங்கிய இறுக்கத்தை முழுவதுமாகத் துடைத்துவிடுவதில்லை. அதை இடம் மாற்றுகிறது. நகர்ந்த பகுதியில் இறுக்கம் பெருமளவு தணிகிறது. ஆனால் கிழிசல் நின்ற முனைகளிலும், நகர்வு ஒரே சீராக இல்லாத திட்டுகளிலும், சுற்றியுள்ள சிறு பிளவுகளிலும் அது கூடுகிறது. ஏற்கெனவே முறியும் நிலையில் இருந்த பிளவுகளுக்கு இந்தச் சிறு கூடுதலே போதுமானது. அவை ஒவ்வொன்றாக விடுபடுவதையே பின்னதிர்வுகள் என்கிறோம்.

கூடும் இறுக்கம் பெரும்பாலும் மிகச் சிறியது. பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்கடியில் உள்ள அழுத்தத்தில் ஒரு பங்கோ, அதில் பத்தில் ஒரு பங்கோ கூட, பின்னதிர்வுகளின் எண்ணிக்கையைக் கண்கூடாக உயர்த்திவிடும் என்று ஆய்வுகள் கண்டுள்ளன. அதேபோல், நகர்வினால் இறுக்கம் தணிந்த சில திசைகளில் நிலநடுக்கங்கள் குறைவதும் உண்டு. அவற்றை இறுக்க நிழல் விழுந்த பகுதிகள் என்று அழைக்கின்றனர்.

2004இல் பின்னதிர்வுகள் ஒரு புள்ளியைச் சுற்றி நிகழவில்லை. சுமாத்ராவிலிருந்து அந்தமான் வரை 1,300 கிலோமீட்டர் நீளப் பட்டையாக அவை பரவின. முதன்மை அதிர்வு முடிந்து சுமார் மூன்றரை மணி நேரத்துக்குள் நிக்கோபார் பகுதியில் 7.1 அளவிலான பின்னதிர்வு ஏற்பட்டது. எவ்வளவு தூரம் கிழிந்துள்ளது என்பதைத் தொடக்கத்தில் விஞ்ஞானிகளுக்கு உணர்த்தியவற்றுள் இப்பட்டையும் ஒன்று. 2005 ஜனவரி இறுதியில் அந்தமான் கடலில் சில நாட்களுக்குள் 5க்கு மேற்பட்ட அளவில் நூற்றைம்பதுக்கும் அதிகமான அதிர்வுகள் கூட்டமாக நிகழ்ந்தன. இவை முதன்மைப் பிளவில் அல்லாமல், அதற்குக் கிழக்கே கடலடி விரியும் பகுதியில் ஏற்பட்டவை.

ஓமோரி கண்ட ஒழுங்கு

பின்னதிர்வுகளில் ஓர் ஒழுங்கு உண்டு என்பதை முதலில் கண்டவர் ஜப்பானிய நிலநடுக்கவியலாளர் ஃபுசாகிச்சி ஓமோரி. 1891இல் மத்திய ஜப்பானைத் தாக்கிய நோபி நிலநடுக்கத்தின் பின்னதிர்வுகளை நாள்தோறும் எண்ணி, அவை காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதை 1894இல் அவர் வெளியிட்டார்.

அதன் பொருள் எளியது. முதல் நாள் 100 பின்னதிர்வுகள் என்றால், இரண்டாம் நாள் ஏறக்குறைய 50, பத்தாம் நாள் 10, நூறாம் நாள் ஒன்று. தொடக்கத்தில் விரைவாகக் குறையும் எண்ணிக்கை, பிறகு மிக மெதுவாகவே குறைகிறது. எனவே பெரும் நிலநடுக்கங்களின் பின்னதிர்வுகள் ஆண்டுக்கணக்கில் நீடிக்கின்றன. நோபியின் பின்னதிர்வுகள் ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் அதே விதிப்படி தேய்ந்துகொண்டிருந்ததாக ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

இரண்டாவது ஒழுங்கு அளவைப் பற்றியது. 6 அளவிலான ஒரு பின்னதிர்வுக்கு, 5 அளவில் சுமார் பத்தும், 4 அளவில் சுமார் நூறும் நிகழும். மூன்றாவது, சுவீடன் நாட்டு அறிஞர் மார்கஸ் போத்தின் பெயரால் அறியப்படுவது: மிகப்பெரிய பின்னதிர்வு, முதன்மை அதிர்வைவிடச் சராசரியாக 1.2 எண்கள் குறைவாக இருக்கும்.

இங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டிய ஒன்று உண்டு. ஓமோரியின் விதி குறைவதாகச் சொல்வது எண்ணிக்கையை மட்டுமே. அடுத்து வருவது சிறியதாகத்தான் இருக்கும் என்று அது சொல்லவில்லை. நூறாம் நாள் வரும் ஒரே அதிர்வு பெரியதாகவும் இருக்கலாம்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகருக்கு மேற்கே 2010 செப்டம்பர் 4ஆம் தேதி 7.1 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டபோது, இடிபாடுகளில் சிக்கி எவரும் உயிரிழக்கவில்லை. ஐந்து மாதங்களுக்குப் பின், 2011 பிப்ரவரி 22ஆம் தேதி 6.2 அளவிலான பின்னதிர்வு நகருக்கு மிக அருகில், குறைந்த ஆழத்தில் ஏற்பட்டு 185 பேரின் உயிரைப் பறித்தது. அளவில் சிறியதானாலும், எங்கே நிகழ்கிறது என்பதும், முன்பே பலவீனமடைந்த கட்டடங்கள் நிற்கின்றனவா என்பதுமே உயிர்ச்சேதத்தைத் தீர்மானிக்கின்றன. நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25ஆம் தேதி ஏற்பட்ட 7.8 நிலநடுக்கத்துக்குப் பின், கிழிசலின் கிழக்கு முனையில் மே 12ஆம் தேதி ஏற்பட்ட 7.3 பின்னதிர்வு மேலும் 200க்கும் அதிகமானோரைக் கொன்றது.

பதினொரு நாட்களில் மெய்யான எச்சரிக்கை

இறுக்கம் எங்கே கூடியுள்ளது என்பதைக் கணக்கிட முடியும் என்றால், அடுத்த ஆபத்து எங்கே என்பதையும் ஓரளவு சொல்ல முடிய வேண்டும். 2004 நிலநடுக்கத்துக்குப் பின் வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்ளோஸ்கியும் அவரது சகாக்களும் இந்தக் கணக்கைச் செய்தனர். கிழிசலுக்குத் தெற்கே சுந்தா அகழியை ஒட்டிய பிளவிலும், சுமாத்ரா தீவின் நடுவே நெடுக ஓடும் நிலப்பிளவிலும் இறுக்கம் கூடியிருப்பதால், அங்கே மற்றொரு பெரும் நிலநடுக்கம் நிகழும் வாய்ப்பு அதிகரித்துள்ளதாக அவர்கள் எச்சரித்தனர். அந்த ஆய்வு நேச்சர் சஞ்சிகையில் 2005 மார்ச் 17ஆம் தேதி வெளிவந்தது.

பதினொரு நாட்கள் கழித்து, மார்ச் 28ஆம் தேதி, நியாஸ் தீவின் அடியில் அப்பிளவு 8.6 அளவில் கிழிந்தது. சுமார் ஆயிரம் பேர், பெரும்பாலும் இடிந்த வீடுகளுக்குள், மாண்டனர். எந்த நாள், எந்த அளவு என்பதை ஆய்வாளர்கள் சொல்லியிருக்கவில்லை, சொல்லவும் இயலாது. ஆனால் இடத்தைப் பற்றிய அவர்களது கணக்கு பொய்க்கவில்லை.

இந்த 8.6 நிலநடுக்கத்தைப் பின்னதிர்வு என்பதா, தனி நிலநடுக்கம் என்பதா? 2004இல் கிழியாத பகுதியில் நிகழ்ந்ததால் அது தனியானது. முந்தையது ஏற்றிய சுமை இல்லாதிருந்தால் அப்போதே அது நிகழ்ந்திராது என்பதால் அது தொடர்ச்சியும்கூட. இரு கிழிசல்களும் சிமெலுவே தீவின் அடியில் சந்தித்தன. தீவின் வடமேற்கு முனையை முதலாவது உயர்த்தியது. தென்கிழக்கை இரண்டாவது உயர்த்தியது. நடுப்பகுதி அதிகம் உயரவில்லை. பிளவின் சில இடங்கள் திரும்பத் திரும்பக் கிழிசலைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையவை என்பதற்கு இத்தீவின் பவளப்பாறைகள் சான்றாகின்றன.

அன்றிரவு தமிழகத்திலும் இலங்கையிலும் கடல் பொங்காததற்குக் காரணமும் நியாஸில் உள்ளது. இம்முறை உயர்ந்த பகுதியின் கணிசமான பங்கு தீவுகளாகவும், அவற்றைச் சுற்றிய ஆழமற்ற கடலாகவும் இருந்தது. நியாஸின் மேற்குக் கரை சுமார் 3 மீட்டர் வரை உயர்ந்தபோதும், அது தூக்கிய தண்ணீர் குறைவு. டிசம்பரில் உயர்ந்ததோ ஆழ்கடலின் அடித்தரை.

ஒரே பிளவில் வரிசையாக

இத்தகைய வரிசை சுமாத்ராவுக்கு மட்டும் உரியதல்ல. துருக்கியின் வட அனத்தோலியப் பிளவில் 1939ஆம் ஆண்டு எர்சிஞ்சானில் ஆரம்பித்த பெரும் நிலநடுக்கங்கள், பெரும்பாலும் மேற்கு நோக்கிப் படிப்படியாக நகர்ந்தன. ஒவ்வொன்றும் அடுத்த பகுதியின் மேல் சுமை ஏற்றியதை 1997இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டு, இஸ்மித் நகரை ஒட்டிய பகுதிக்கு ஆபத்து அதிகரித்துள்ளதாகச் சுட்டிக்காட்டினர். 1999 ஆகஸ்ட் 17ஆம் தேதி அங்கே நிலம் நடுங்கி 17,000க்கும் அதிகமானோர் மாண்டனர். அவ்வாண்டு நவம்பர் 12ஆம் தேதி கிழிசலின் கிழக்கு முனைக்கு அப்பால் தூஸ்ஜேயில் 7.2 அளவில் மற்றொன்று நிகழ்ந்தது.

2023 பிப்ரவரி 6ஆம் தேதி துருக்கியின் தென்கிழக்கில் இடைவெளி இன்னும் குறுகியது. அதிகாலையில் 7.8, சுமார் ஒன்பது மணி நேரத்துக்குப் பின், அருகே உள்ள வேறொரு பிளவில் 7.5. மீட்புப் பணியாளர்கள் இடிபாடுகளுக்குள் இருந்தபோதே இரண்டாவது தாக்கியது. துருக்கியிலும் சிரியாவிலுமாக 50,000க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர்.

பேரலை எழுப்பாத பேரதிர்வு

2012 ஏப்ரல் 11ஆம் தேதி சுமாத்ராவுக்கு மேற்கே ஆழ்கடலில் 8.6 அளவிலும், சுமார் இரண்டு மணி நேரத்துக்குப் பின் 8.2 அளவிலும் நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. இவை அகழியின் பிளவில் நிகழவில்லை. அகழிக்கு வெளியே, இந்துமாக் கடலின் தட்டுக்குள்ளேயே, ஒன்றுக்கொன்று ஏறக்குறையச் செங்குத்தாக அமைந்த பல பிளவுகளில் நிகழ்ந்தன. 2004, 2005 நிலநடுக்கங்கள் அத்தட்டின் மேல் மாற்றிய இறுக்கமும் இதற்கு வழிவகுத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

இங்கே பாறைகள் மேலும் கீழுமாக அல்லாமல் பக்கவாட்டில் ஒன்றையொன்று உரசி நகர்ந்தன. கடலடி பெரிதாக உயராததால் தண்ணீரும் தூக்கப்படவில்லை. பக்கவாட்டு நகர்வினால் ஏற்பட்டவற்றுள், கருவிகளில் பதிவான மிகப்பெரிய நிலநடுக்கம் இதுவே. ஆக, பேரலை எழுமா என்பதை எண் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடலடி எவ்வளவு உயர்ந்தது, அதன் மேல் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்பவையே தீர்மானிக்கின்றன. ஆனால் நகர்வு எத்தகையது என்பது தெரியவரச் சில நிமிடங்களாவது ஆகும் என்பதால், அன்று மக்கள் ஓடியது வீண் ஓட்டமாகாது.

அந்த நிலநடுக்கத்தின் அதிர்வலைகள் உலகைச் சுற்றி ஓடியபோது, அடுத்த ஆறு நாட்களில் உலகின் பல மூலைகளிலும் 5.5க்கு மேற்பட்ட நிலநடுக்கங்கள் வழக்கத்தைவிடக் கணிசமாகக் கூடின. கடந்து செல்லும் அலையின் உலுக்கலே தொலைவிலுள்ள பிளவுகளைத் தூண்டிவிடக்கூடும் என்பது 1992இல் கலிஃபோர்னியாவின் லேண்டர்ஸ் நிலநடுக்கத்துக்குப் பின் தெரியவந்திருந்தது. அப்போது ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள யெல்லோஸ்டோனில் சிறு அதிர்வுகள் கிளம்பின. இவ்வளவு பெரிய அளவிலான தொலைதூரத் தூண்டல் அரிதானது. பெரும்பாலான பெரும் நிலநடுக்கங்கள் தமது சுற்றுப்புறத்தில் மட்டுமே பெரும் நிலநடுக்கங்களைத் தூண்டுகின்றன.

வதந்தியும் முன்னறிவிப்பும்

வந்தது முதன்மை அதிர்வா அல்லது முன்னதிர்வா என்பது, அடுத்தது வரும் வரை தெரியாது. 2011 மார்ச் 9ஆம் தேதி ஜப்பானின் வடகிழக்குக் கடலில் ஏற்பட்ட 7.3 நிலநடுக்கம், அன்று ஒரு முதன்மை அதிர்வாகவே கருதப்பட்டது. இரண்டு நாட்களுக்குப் பின் 9.0 அளவிலான பேரதிர்வு வந்தபோதுதான் அது முன்னதிர்வு என்றாயிற்று. 2016 ஏப்ரலில் ஜப்பானின் குமமோட்டோவில் முதல் நிலநடுக்கத்துக்குப் பின் வீடு திரும்பிய சிலர், 28 மணி நேரத்துக்குப் பின் வந்த இன்னும் பெரிய நிலநடுக்கத்தில் மாண்டனர். பின்னதிர்வு என்ற சொல்லே, இனி வருவது சிறியது என்ற நம்பிக்கையைத் தந்துவிடுகிறது என்று கருதிய ஜப்பானிய வானிலை முகமை, அதற்குப் பின் தனது எச்சரிக்கைகளில் அச்சொல்லைத் தவிர்க்கத் தொடங்கியது.

கலிஃபோர்னிய ஆய்வுகளின்படி, ஒரு நிலநடுக்கத்துக்குப் பின் ஒரு வாரத்துக்குள் அதைவிடப் பெரியது வரும் வாய்ப்பு சுமார் இருபதில் ஒன்று. இது குறைவுதான், ஆனால் சாதாரண நாட்களில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகம். இன்று அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் பெரிய நிலநடுக்கங்களுக்குப் பின், அடுத்த நாள், வாரம், மாதம், ஆண்டு என்று பின்னதிர்வுகளின் வாய்ப்பைச் சதவீதமாக வெளியிடுகிறது. 2024 ஆகஸ்ட் 8ஆம் தேதி தென் ஜப்பானில் 7.1 நிலநடுக்கம் ஏற்பட்டதும், நான்காய் அகழியில் பேரதிர்வுக்கான வாய்ப்பு கூடியுள்ளதாக அந்நாடு முதல் முறையாக அறிவித்தது. ஒரு வாரம் கழிந்தது, பேரதிர்வு வரவில்லை. அறிவிப்பு பொய்த்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. வாய்ப்பு கூடுவது என்பது நிச்சயம் என்பதல்ல.

நாளும் நேரமும் குறித்துச் சொல்லப்படும் ஆரூடங்கள் இதிலிருந்து முற்றிலும் வேறானவை. 2004 டிசம்பர் 30ஆம் தேதி, மீண்டும் பேரலை வரக்கூடும் என்று தனியார் நிறுவனம் ஒன்றின் கணிப்பை நம்பி இந்திய அரசு விடுத்த எச்சரிக்கை, பிணங்களைத் தேடிக்கொண்டிருந்த தமிழகக் கரையோர மக்களை மீண்டும் சிதறி ஓட வைத்தது. பேரலை வரவில்லை. நிலநடுக்கம் ஒன்றின் நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டியே சொல்லும் முறை எதுவும் இன்றுவரை கண்டறியப்படவில்லை.

எஞ்சியுள்ள பாக்கி

சுந்தா அகழியின் வரிசை 2005உடன் நிற்கவில்லை. 2007 செப்டம்பர் 12ஆம் தேதி இன்னும் தெற்கே, பெங்குலுவை ஒட்டி 8.4 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. 2010 அக்டோபர் 25ஆம் தேதி மெந்தாவாய் தீவுகளை ஒட்டி ஏற்பட்ட நிலநடுக்கம் எழுப்பிய அலையில் 400க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆனால் அத்தீவுகளுள் வடக்கே உள்ள சிபெருட்டின் அடியில், 1797ஆம் ஆண்டுக்குப் பின் பெரிதாகக் கிழியாத ஒரு பகுதி எஞ்சியுள்ளது. பவளப்பாறைகளின் வளர்ச்சி வளையங்களைக் கொண்டு அப்பகுதியின் பழைய நிலநடுக்கங்களை ஆராய்ந்த கெர்ரி சீ உள்ளிட்டோர், அங்கே பெரும் இறுக்கம் தேங்கியுள்ளதாக நெடுங்காலமாகவே சுட்டிக்காட்டி வருகின்றனர். அதற்கு நேரெதிரே இருப்பது பல லட்சம் மக்கள் வாழும் படாங் நகரம்.

அலையைப் பொறுத்தவரை, 2004இல் இல்லாதவை பல இன்று உள்ளன. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. ஆழ்கடல் அழுத்தமானிகளும் அலைமானிகளும் இந்துமாக் கடலில் நிறுவப்பட்டுள்ளன. சுமாத்ராவிலிருந்து கிளம்பும் அலை இலங்கையையும் தமிழகத்தையும் அடையச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். எச்சரிக்கை மீனவக் குப்பங்களின் கடைசி வீடு வரை போய்ச் சேர்ந்தால், அந்த அவகாசம் போதுமானது.

ஆச்சேயிலோ நிக்கோபாரிலோ அத்தகைய அவகாசம் இல்லை. கிழிசலுக்கு மிக அருகில் இருந்தும் சிமெலுவே தீவில் 2004இல் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே மாண்டனர். 1907ஆம் ஆண்டின் பேரலையைக் கண்டவர்கள் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்திருந்தனர்: நிலம் நெடுநேரம் நடுங்கி, கடல் உள்வாங்கினால், எதையும் எடுக்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். அந்த அறிவுரை இன்றைய அறிவியலோடு முழுவதும் ஒத்துப்போகிறது. நடுக்கம் நீள்வது, பிளவு இன்னும் கிழிந்துகொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம்.